பீடம் மட்டும் ஒரு சாண் உயரம்

எர்மிலோ ஆர்சேவின் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. 'பார்க்கலாம்' என்பார். அவர் பார்க்கலாம் என்றால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம். அது எங்கள் ஊர் தெசோந்த்லாவில் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் சிலை வைக்க நினைத்த எல்லா நகராட்சித் தலைவர்களுக்கும் தெரியும்.

அவர் என் அக்கா ருத்திலியாவின் கணவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் பதினாறு வயதில் அக்காவுக்கு ஒத்தாசையாக வந்து, அவர் பட்டறையில் அச்சு எடுக்கப் பழகி, அப்படியே தங்கிவிட்டேன். அத்தானைப் பற்றி எனக்குத் தெரிந்தவை பெரும்பாலும் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தவை. நான் அதிகம் கேட்கிறவள் இல்லை.

அவர் அப்பா குன்றில் கல் வெட்டியவர். மகன் பன்னிரண்டு வயதில் கல்லறைகளுக்குத் தேவதை செதுக்கினான். பாதிரியார் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு தலைநகருக்குப் போய் இரண்டு வருடம் சிலை வேலை படித்தான். அங்கே அவர் களிமண்ணில் செய்த ஒரு பெண்ணின் புகைப்படம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. கூடை இல்லை, பிள்ளை இல்லை, குடம் இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து போகிறாள். எங்கே போகிறாள் என்று தெரியாது. அப்பா கல் சரிந்து இறந்ததும் அவர் திரும்பி வந்தார். களிமண் பெண் அங்கேயே காய்ந்து விழுந்துவிட்டாளாம்.

1952இல் எங்கள் நகராட்சி ஊர்ச் சதுக்கத்தில் தாய்க்குச் சிலை வைக்கத் தீர்மானித்தது. மே பத்தாம் தேதி எங்கள் நாட்டில் அன்னையர் தினம்; எந்த ஊரிலும் அன்று தாயைக் கொண்டாடாமல் விடமாட்டார்கள். கொண்டாட ஒரு சிலை வேண்டாமா? அத்தான் அக்காவை முக்காலியில் உட்கார வைத்தார். ரொட்டிக்கடைக்காரரின் கைக்குழந்தையை வாங்கி அவள் மடியில் வைத்தார். அவளுக்கு இருபத்திரண்டு வயது. தலை குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தாள். அந்தப் பையன் மூன்று வாரமும் அவள் பாவாடையை நனைத்தான். அப்போது அவள் வயிற்றிலும் ஒன்று இருந்தது. சிலை திறந்த மாதத்தில் அது கலைந்தது. பிறகு இன்னொன்றும் தங்கவில்லை. அப்புறம் வரவே இல்லை.

சிலை நன்றாக வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அடுத்த வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். கைவேலை ஆசானை எங்கள் பக்கம் 'மாயெஸ்த்ரோ' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாயெஸ்த்ரோ, உங்க ஊர்ல இருக்கே, அதே அம்மா. அச்சு அசலா அதே. பீடம் மட்டும் ஒரு சாண் உயரமா இருக்கட்டும்."

"பார்க்கலாம்," என்றார்.

அதற்கடுத்த ஊர் அதைவிட ஒரு சாண் கேட்டது. நகராட்சித் தலைவருக்கு மூன்றே வருடப் பதவி. அதற்குள் ஒரு தாய், அதன் கீழே தன் பெயர் பொறித்த தகடு. புதிதாக ஒன்று செய்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அச்சு இருந்தது, நானும் இருந்தேன். முப்பத்து நான்கு துண்டு பிளாஸ்டர் அச்சு. ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீர் பூசித் துடைத்து, கற்றாழை நார் வைத்து, எண் போட்டு, கயிறு கட்டி அடுக்கி வைத்திருப்பேன். அத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், அச்சு எடுக்காமல் எந்த மெழுகையும் வார்ப்புக்கு அனுப்பாதே என்பதுதான். மெழுகு உருவம் நெருப்பில் உருகி ஓடிய இடத்தில்தான் வெண்கலம் ஊற்றுவார்கள்; ஓடிப் போனால் ஓடியதுதான்.

வார்ப்புக்கு ஊர் ஜனங்களே வெண்கலம் கொண்டு வருவார்கள். உடைந்த குழாய், கட்டில் குமிழ், பூட்டு தொலைந்த சாவி. பக்கத்து மனையில் உலை வைத்திருந்த மெலித்தோன் எல்லாவற்றையும் உருக்குவார். பீடங்கள் வளர்ந்துகொண்டே போயின. கடைசியில் ஒரு ஊரில் கீழே நின்று பார்த்தால் தாயின் முழங்கால்தான் தெரிந்தது.

மே பத்தாம் தேதி விடியலில் கிதார்க்காரர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களின் ஜன்னலடியில் பாடுவார்கள். எங்கள் தெருவில் எல்லா ஜன்னலிலும் நிற்பார்கள். எங்கள் ஜன்னல் வரும்போது பாட்டை நிறுத்திவிட்டுச் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போவார்கள். மரியாதைக்குத்தான். பிறகு சதுக்கத்துக்குப் போய் அக்காவின் வெண்கல முகத்துக்கு முன் நின்று முழுப் பாட்டையும் பாடுவார்கள். அக்கா அதற்குள் எழுந்து அடுப்பில் பீன்ஸ் வைத்திருப்பாள். மூடியைத் திறந்து திறந்து மூடுவாள்.

1968 டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் அக்காவும் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். எதிர் இருக்கையில் கோழிக் கூடையோடு ஒரு அம்மாள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்குத் 'தோன்யா' போட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"தப்பா நினைக்காதீங்க தோன்யா. எங்க ஊர்ச் சதுக்கத்துல ஒரு அம்மா இருக்கா. அப்படியே உங்களை உரிச்சு வச்ச மாதிரி!"

"அப்படியா?"

"சத்தியமா. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இருபத்தாறு," என்றாள்.

அந்த அம்மாள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.  வீட்டுக்குள் வந்து சால்வையைக்கூட எடுக்காமல் அத்தான் முன்னால் நின்றாள்.

"கிழவா, இந்த முற்றத்துலேர்ந்து இன்னும் ஒரு அம்மா வெளிய போனா, அவ பின்னாடியே நானும் போறேன். தாம்பிக்கோவுல அண்ணன் வீடு இருக்கு. கேட்டுக்கோ."

"இதுதான் கடைசின்னு சொன்னேனே, ருத்தி."

"பதினாறு வருஷமா கடைசிதான்."

அவருக்கு அவள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவள் காலடி கேட்டால் உளியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற மனிதர். அந்த ஜனவரியில் ஒரு நாள் அச்சுத் துண்டுகள் எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டு வரச் சொன்னார். நான் வரிசையாக அடுக்கினேன். சம்மட்டியை எடுத்து ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வரை உடைத்தார். ஒவ்வொன்றும் என் கைவேலை. நான் நகராமல் நின்றேன். வெள்ளைத் தூசு அவர் மீசையில் படிந்திருந்தது. அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒரு துடைப்பத்தைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள். அன்று இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஆனால் சான் பாஸ்குவால் ஊர்த் தலைவர் தோன் அர்னுல்ஃபோவுக்கு அந்த மே மாதத்துக்கு ஒரு தாய் செய்து தர அத்தான் ஏற்கெனவே 'பார்க்கலாம்' சொல்லியிருந்தார். அதற்கு வேறு ஒன்று செய்வது என்று முடிவு செய்தார். அலமாரியிலிருந்த புகைப்படத்தை எடுத்துச் சுவரில் குத்தினார். இரும்புக் கம்பியில் கூடு கட்டி, களிமண் அப்பி, நடந்து போகும் பெண்ணை ஆரம்பித்தார்.

அந்த இரண்டு மாதமும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் தலை நிமிர்ந்திருக்கும். மதியம் மோவாயைக் கொஞ்சம் சரி செய்வார். சாயங்காலம் ஈரத்துணி போர்த்தும்போது தலை குனிந்திருக்கும். கம்பி வளைந்துவிட்டதோ என்று நானே கூட்டைத் தட்டிப் பார்த்தேன். கம்பி நேராகத்தான் இருந்தது. அவர் விரல்கள்தான் அந்த ஒரே வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு தடவை இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிடச் சொல்லி வலது கையால் மட்டும் செய்தார். அதுவும் குனிந்தது.

"கை எனக்கு முன்னாடியே போயிடுது, செனோ," என்றார் என்னிடம். நான் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன்.

மார்ச் கடைசியில் தோன் அர்னுல்ஃபோ பார்க்க வந்தார். நல்ல தொப்பி, நல்ல வயிறு. களிமண்ணை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"யாரு இவ?"

"ஒரு பொம்பளை," என்றார் அத்தான்.

"அது தெரியுது. எங்க போறா?"

"நடந்து போறா."

"பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறா?"

மெலித்தோன் சிரிப்பை அடக்க முடியாமல் உலைப் பக்கம் போய்விட்டார். தோன் அர்னுல்ஃபோ தொப்பியைக் கழற்றினார்.

"மாயெஸ்த்ரோ, என் அம்மா உசுரோட இருக்கா. சிலை திறக்க முன் வரிசையில வந்து உட்காருவா. இதைக் காட்டினா, 'எவளைடா கூட்டிட்டு வந்தே?'ன்னு கேப்பா. எங்களுக்கு அதே அம்மா போதும்."

"அச்சை உடைச்சிட்டேன்."

"அச்சு எதுக்கு? சதுக்கத்துல அம்மாவே இருக்காளே. அவமேலயே அச்சு எடுத்துக்கலாம். உங்க தலைவர்கிட்ட பேசிட்டேன், அவருக்குச் சம்மதம். ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை ஆளுங்க வருவாங்க."

அத்தானின் முகத்தை அப்போது பார்த்தேன். பதினேழு வருடத்தில் இது ஒன்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. பட்டறைக்காரர்களுக்கு அச்சு என்றால் அலமாரியில் எண் போட்டு இருப்பதுதான். முற்றத்தில் முப்பத்து நான்கு துண்டை உடைத்தோம். வெளியே இருபத்தாறு ஊர்களில் வெண்கல அச்சு வெயிலில் உட்கார்ந்திருக்கிறது.

அக்கா அன்று உள்ளே போனாள். கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, தூசி தட்டி, மூடி திறந்து வைத்தாள். உள்ளே எதுவும் வைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஆட்கள் வருவதற்கு முன், அத்தான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சதுக்கத்துக்குப் போனார். அக்காவுக்குச் சொல்லவில்லை. நான் பின்னாலேயே போனேன். ஏணியைச் சாத்தி, ஏறி, உளியை வைத்து அந்த முகத்தை வெட்டினார். மூக்கு, ஒரு கன்னம், இடது கண். முகம் போய்விட்டால் யார் என்ன அச்சு எடுப்பார்கள் என்று நினைத்தார்; மற்ற ஊர்களில் இருந்த முகங்கள் அப்போது அவர் நினைவில் இல்லை. அதற்குள் சோளமாவில் அவித்த தமாலே விற்கிற பெண்கள் கடை விரித்துவிட்டார்கள்.

"அம்மாவை அடிக்கிறான்! பாவி, அம்மாவை அடிக்கிறான்!"

அவர் செய்த சிலை, அவர் பெண்டாட்டியின் முகம். அது யாருக்கும் நினைவில்லை. ஒரு கிழவி செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது தவறிப்போய் வெண்கலக் குழந்தைமேல் பட்டது. அவளே சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். காவலர் செலெதோனியோ வந்து ஏணியைப் பிடித்தார்.

"இறங்குங்க தோன் எர்மிலோ. விழுந்து கிழுந்து வச்சா அதுக்கும் நான்தான் எழுதணும்."

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி நகராட்சிக்குப் பின்னால் இருந்த அறையில் அடைத்தார்கள். அந்த அறையின் கம்பி ஜன்னல் சதுக்கத்தைப் பார்த்து இருந்தது. பாதி முகத்தோடு சிலை நேர் எதிரே. மூன்று நாள் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்த் தலைவர் வந்து சொன்னது இதுதான்: மே பத்துக்குள் முகத்தைப் பழையபடி செய்து கொடுத்தால் வழக்கு இல்லை. அவர் உளி வைத்த செய்தி பரவியபின் வேறெந்த ஊரும் தன் தாய்க்குப் பக்கத்தில் அச்சு எடுக்க அவரை விடத் தயாராக இல்லை.

சாப்பாடு கொண்டு போன அக்காவிடம் அத்தான் கம்பிக்குக் கிட்டே வராமலே பேசினார்.

"எனக்கு அந்த முகம் ஞாபகம் இல்லை, ருத்தி. கைக்கு ஞாபகம் இருக்கும்னு நினைச்சேன். அதுக்குக் குனியறது மட்டும்தான் தெரியுது."

"அவளை எனக்கும் ஞாபகம் இல்லை," என்றாள் அக்கா. "இப்ப இருக்கிறவளைச் செய். நான் உட்கார்றேன். ஒரு தடவைதான். இது ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்," என்றார்.

செலெதோனியோ காவலுக்கு வர, எங்கள் முற்றத்திலேயே வேலை நடந்தது. அவர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே யோசனை சொல்வார்.

"இடது புருவம் கொஞ்சம் மேல இருக்கு தோன்யா. காலையில சண்டையா?"

"உங்க வாயை உரிச்சுத் தின்னுங்க, செலெதோனியோ."

அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. அதே முக்காலி. மடியில் குழந்தை இல்லை, இரண்டு கைகளையும் கோத்து வைத்திருந்தாள். அத்தான் மெழுகில் செய்தார். கண்ணோரத்துக் கோடுகள், வாயின் இரண்டு பக்கத்து மடிப்பு, மேல் உதட்டில் அம்மை போட்ட வடு. கழுத்து பழைய வெண்கலம், அதை மாற்ற முடியாது. ஆகவே தலை குனிந்துதான் இருக்கும். ஆனால் கண்களை அவர் மாற்றினார். அவை குழந்தையைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலைக்கு மேலாக எங்கோ பார்த்தன. நடந்து போகிற பெண்ணை இரண்டு மாதம் தேடியவர், இந்தக் கண் ஒன்றில் கொஞ்சம் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அக்கா எழுந்து வந்து மெழுகைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இவளைத் தெரியும்," என்றாள்.

மறுநாள் மெலித்தோன் மெழுகை எடுத்துப்போக வருவதாக இருந்தது. காலையில் அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். அத்தான் சதுக்கத்தில் ஆணித் துளை அளந்துகொண்டிருந்தார். மெழுகு மேசையில் தனியாக இருந்தது. நான் பிளாஸ்டர் கரைத்தேன். யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அச்சு எடுக்காமல் மெழுகை நெருப்புக்கு அனுப்ப என் கைகளால் முடியவில்லை. நான்கு துண்டு. காய வைத்து, எண் போட்டு, நார் மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அதைப் பற்றி அப்புறம் நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். சொல்லவில்லை.

முகம் வார்த்து வந்தது. ஆணி போட்டுப் பொருத்தினார்கள். தாடையைச் சுற்றி மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. மே பத்தாம் தேதி ஊர் வந்து பார்த்தது.  செருப்பு எறிந்த கிழவி முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என் அம்மா இப்படித்தான்டி இருந்தா. கடைசிக் காலத்துல. பிள்ளை மடியில இருக்கும், கண்ணு வேற எங்கயாவது இருக்கும்."

"எங்க பாக்குறா?"

"பஸ் ஸ்டாப்பை," என்றார் செலெதோனியோ. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், அந்த மூலையைத்தான் பார்த்தாள். ஜனங்கள் அழுதார்கள், சிரித்தார்கள், பூ வைத்தார்கள். அன்று விடியலில் கிதார்க்காரர்களில் ஒருவர் எங்கள் ஜன்னலடியில் தயங்கி இரண்டு வரி வாசித்திருந்தார். அக்கா பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

ஜூன் மாதம் தோன் அர்னுல்ஃபோ வான்கோழி ஒன்றோடு வந்தார்.

"மாயெஸ்த்ரோ, நடந்ததெல்லாம் போகட்டும். எங்க அம்மா உங்க ஊருக்கு வந்து பாத்துட்டா. 'எனக்கு அந்தப் புது முகம்தான் வேணும்'னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. என் பதவி டிசம்பரோட முடியுது. அதே அம்மா, அந்த முகம். பீடம் மட்டும்..."

"முடியாது," என்றார் அத்தான்.

நான் தலையைத் தூக்கினேன். சமையலறையில் அக்கா சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. முன்னைவிட வேகமாக.

"முடியாதுன்னா?"

"முடியாதுதான், தோன் அர்னுல்ஃபோ. அந்த முகம் ஒண்ணுதான். மெழுகு ஓடிப் போச்சு. அச்சு கிடையாது." அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கிறவர் மாதிரி மறுபடி சொன்னார். "முடியாது."

"உங்க பட்டறையில அச்சு எடுக்காம விடுவீங்களா? நான் நம்பணுமா?"

"இதோ, இவளையே கேளுங்க. பொய் சொல்லத் தெரியாது. நீயே சொல்லு, செனோ. அச்சு எடுத்தோமா?"

வெளியாள் முன்னால் நான் பேசுவதே இல்லை. தலையை ஆட்டியிருந்தால் போதும். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கழுத்து அசையவில்லை.

"எடுத்தேன், அத்தான்," என்றேன். "நாலு துண்டு. நார் மூட்டைக்குப் பின்னால இருக்கு."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நல்லா வந்திருக்கா?"

"கண்ணோரக் கோடு வரைக்கும் வந்திருக்கு."

போய் எடுத்தார். கன்னத்துத் துண்டை வெளிச்சத்தில் திருப்பி, உள்பக்கம் கட்டைவிரலால் தடவினார். சம்மட்டி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. நான் சம்மட்டியைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்தார்.

"டிசம்பருக்குள்ள..." என்றார் தோன் அர்னுல்ஃபோ.

"பார்க்கலாம்."

ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. அன்று அது மறுபடி வரவில்லை. வான்கோழி மட்டும் முற்றத்தில் கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் பத்து மணிப் பேருந்துக்கு நான்தான் பெட்டி தூக்கிப் போனேன். மூலையில் நிற்கும்போது அக்கா என் தலைமுடியிலிருந்த பிளாஸ்டர் துணுக்கைக் கிள்ளி எடுத்தாள்.

"அழாதே. நீ உண்மையைச் சொன்னே. அந்தத் துண்டைக் கீழ போட்டு உடைக்க அவருக்கு ரெண்டு கை இருந்துச்சு."

சிலை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பி அதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த உளிகள்.

"ஜன்னல் பக்கமா உட்கார்ந்தா?"

"ஆமா."

"தலை?"

"நிமிர்ந்துதான் இருந்துச்சு, அத்தான்."

கேட்டுக்கொண்டார். துடைத்த உளியை எடுத்து மறுபடி துடைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். அந்தப் புது முகத்தில் பதினோரு ஊர்களுக்குத் தாய் செய்தார். அக்கா கடிதம் போடுவாள், எனக்கு. அவர் அதை வாங்கி, படிக்காமல், கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். வேறு எந்தச் சிலையும் அவர் செய்யவில்லை.

அந்தப் பதினொன்றில் முதலாவது சான் பாஸ்குவாலுக்கு. முகத்துக்கு அச்சு இருந்தது, உடம்புக்கு இல்லை. உடைத்தது உடைத்ததுதானே. எங்கள் தலைவரிடம் அனுமதி வாங்கி, அந்த ஜூலையில் நான்தான் சதுக்கத்தில் ஏணி போட்டேன். செலெதோனியோ ஏணியைப் பிடித்துக்கொண்டார், அன்று கடலை தின்னவில்லை. மேலே ஏறினால் அக்காவின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே மூலையைப் பார்த்தாள். தோளிலிருந்து ஆரம்பித்தேன். சோப்புத் தண்ணீர் பூசி, நார் வைத்து, பிளாஸ்டர் அப்பி, அது சூடாகி ஆறும் வரை கையை வைத்துப் பிடித்திருந்தேன். பிறகு பென்சிலை எடுத்து அந்த அச்சுத் துண்டின் முதுகில் எழுதினேன்: ஒன்று.